ஒரு சுத்து ஆவன்னா

இல்லங்க மேடம், மெஷின் நல்லா ஓடுது. அதுல ஒரு குறையும் இல்ல. நீங்க திரும்பத் திரும்ப புகார் நம்பர் கேக்கறீங்க, எங்கிட்ட புகாரே இல்லையே. எனக்கு வேண்டியது பழைய புகார். போன வருஷம் மழை நேரத்துல எங்க வீட்லேர்ந்து உங்களுக்கு ஒரு போன் வந்துச்சு. பேசினது என் மனைவி. வாஷிங் மெஷின் துணியப் பிழியறப்போ எடத்த விட்டு நகந்து வருதுன்னு சொன்னா. அந்தப் பேச்சு வேணும் எனக்கு. பேப்பர் இல்ல மேடம், பேச்சு. உங்க லைன்ல எடுத்த எடுப்புல ஒருத்தி சொல்றாளே, தரத்துக்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படும்னு. அந்தப் பதிவு.

கேஸா? ஐயையோ. இது கேஸ் போடற மூஞ்சியா மேடம். வெளில டோக்கன் குடுக்கறவர்கூட என்னைப் பாத்துட்டு, ரிப்பேருக்கு வந்தீங்களா, ரிப்பேர் பண்ண வந்தீங்களான்னு கேட்டார்.

சொல்றேன். மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்கு தொண்டைல கட்டி. மொதல்ல சளின்னாங்க, அப்பறம் ரொம்பப் பேசறதாலன்னாங்க. கடைசியா ஒரு பெரிய டாக்டர் தொண்டைக்குள்ள குழாய் விட்டுப் பாத்துட்டு, குரல்வளையையே எடுத்தாகணும்னுட்டார். எடுத்தா ஆளு நல்லா இருப்பா. மூச்சுக்கு இங்க, கழுத்துக்குக் கீழ ஒரு ஓட்டை போட்டுருவாங்க. சாப்பாடு எறங்கும், நடப்பா, சண்டைக்கு முறைப்பா. குரல் மட்டும் இருக்காது.

எப்பன்னா, சீக்கிரமே. தேதி குடுத்துட்டாங்க. அத விடுங்க.

பரவால்லங்க. தண்ணியெல்லாம் வேணாம். நீங்க உக்காருங்க.

இப்பவே வீட்ல பதிவு பண்ணிக்கலாமேன்னு கேக்கறீங்க. எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. பண்ணாம இருப்பனா மேடம், என் பொழப்பே அதுதான். நான் சத்தம் பண்றவன். பாட்டுக்காரன்லாம் இல்ல. கம்ப்யூட்டர்ல பாட்டு போடறவங்க இருக்காங்கல்ல, அவங்களுக்கு வாத்தியம் பண்ணித் தர்ற கம்பெனி எங்களது. கம்பெனின்னதும் கண்ணாடிக் கட்டடத்த நெனைக்காதீங்க, டயர் கடை மாடில அஞ்சு பேரு. மரம், தோல், கம்பி ஒண்ணும் கெடையாது, எல்லாமே கணக்கு. அதுல சத்தம் பொறக்கற எடம் ஒண்ணு இருக்கும், ஆசிலேட்டர்னு பேரு. அத எழுதறது நான். வேவ்டேபிள் ஆசிலேட்டர்.

உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்னு தோணும். இது புரிஞ்சாத்தான் நான் ஏன் இங்க வந்து உக்காந்துருக்கேன்னு புரியும். ரெண்டு நிமிஷம்.

எந்தக் குரலையும் எடுத்து பெருசு பண்ணிப் பாத்தா, ஒரே வளைவு திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கும். மேல ஏறும், எறங்கும், ஒரு குலுக்கு குலுக்கும், ஆரம்பிச்ச எடத்துக்கே வந்து நிக்கும். அது ஒரு சுத்து. ஒரு செகண்டுக்கு இருநூறு சுத்து, முன்னூறு சுத்து. எல்லாம் அச்சா ஒண்ணுபோலத்தான் தெரியும். அப்பறம் எதுக்கு அத்தனையையும் கட்டி மேய்க்கணும்? ஒரே ஒரு சுத்த அறுத்து, ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு நம்பரா ஒரு அட்டவணைல போட்டு வச்சுக்கறது. அந்த அட்டவணைய வட்டமா படிச்சுக்கிட்டே இருக்கறது. வேகமா படிச்சா கீச்சுக் குரல், மெதுவா படிச்சா கட்டைக் குரல். இவ்ளோதான் விஷயம்.

கேக்க சுளுவாத்தான் இருக்கும். படிக்கிற வேகம் எப்பவும் நம்பர் மேல போய் சரியா விழாது. ரெண்டு நம்பருக்கு நடுவுல விழும். அங்க என்ன இருந்துருக்கும்னு ஊகிக்கணும். ஊகம் சரியில்லன்னா சோத்துல கல்லு மாதிரி சத்தத்துல நறநறன்னு ஒண்ணு வரும். அத சரி பண்ணுனா அடுத்தது. ரொம்ப மேல் ஸ்தாயிக்குப் போறப்போ, சினிமால கார் வேகமா போனா சக்கரம் பின்னால சுத்தற மாதிரி தெரியுமே, அந்த மாதிரி ஆகிரும். சன்னமான பகுதியெல்லாம் கம்ப்யூட்டருக்கு எட்டாத ஒசரத்துக்குப் போயி, அங்க எடமில்லாம, பொய்யான சத்தமா கீழ எறங்கி வந்துரும். யாருமே வாசிக்காத ஸ்வரம் உள்ள ஒண்ணு கேக்கும். கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி நடு வரிசைல உக்காந்துருக்கும். அத வரவிடாம பண்ணணும்னா ஒவ்வொரு ஒசரத்துக்கும் தனித்தனியா அட்டவணை வைக்கணும். மேல போகப் போக சன்னத்த சீவிக்கிட்டே வரணும்.

சரியா இருந்தா மட்டும் போதாது மேடம், சீக்கிரமாவும் இருக்கணும். கம்ப்யூட்டர் கைய நீட்டிக்கிட்டே நிக்கும், அடுத்த துண்டு எங்க, அடுத்த துண்டு எங்கன்னு. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள குடுக்கணும். தவறினா டிக்குனு ஒரு வெட்டு. சரியா பண்ணப் போனா லேட்டு, சீக்கிரமா பண்ணப் போனா தப்பு. இதுக்கு நடுவுலதான் என் தலைமுடி போச்சு. அவ சொல்லுவா, வீட்ல ஒரு பல்ப மாத்தறதுக்கு ஒரு மாசம் எடுத்துக்கற ஆளு, அங்க மட்டும் கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ளயா, அந்தக் கம்ப்யூட்டருக்கே தாலியக் கட்டிருக்கலாம்னு.

ஆமா, சிரிங்க. அவ பேச்சு அப்படித்தான். உங்க போன்ல கேட்டுருந்தா நீங்களும் சிரிச்சுருப்பீங்க.

டாக்டர் சொன்ன மறுநாளே ஆபீஸ்லேர்ந்து நல்ல மைக் ஒண்ணு கொண்டுவந்தேன். படுக்கையறை ஜன்னல்ல மெத்தைய நிமித்தி வச்சு, ஃபேன நிறுத்தி, ஃப்ரிட்ஜ் பிளக்கப் பிடுங்கி, சுவத்துல போர்வையெல்லாம் தொங்கவிட்டேன். ரூமுக்குள்ள வந்து பாத்துட்டு, என்ன, எனக்கு இங்கயே ஆபரேஷனான்னா. நாற்காலில உக்கார வச்சு ஆ சொல்லச் சொன்னேன். ஆவன்னா. நீட்டா, ஆட்டாம, ஏறாம, எறங்காம. கட்டையா ஒரு ஆ, கொஞ்சம் மேல ஒரு ஆ, இன்னும் மேல. அப்பறம் வாய மூடிக்கிட்டு ம். ஒரு மத்தியானம் பூரா. எனக்கு வேண்டியது ஒரு சுத்துதான மேடம், அது சுத்தமா கெடைக்கணும்னா நெறைய வாங்கிப் பாக்கணும்.

கெடச்சுது. அருமையான சுத்து. ஆவுக்கு ஒண்ணு, ம்முக்கு ஒண்ணுன்னு எடுத்து அட்டவணைல போட்டேன். ஒசரத்துக்கு ஒண்ணா சீவி வச்சேன். மிச்சத்த அழிச்சுட்டேன். அது ஒரு பழக்கம். நல்ல சுத்து கெடச்சதும் மிச்சத்த வச்சுக்கறதில்ல, எடத்த அடைக்கும். சமையல் முடிஞ்சா மேடையத் தொடைக்கறோம்ல, அந்த மாதிரி. யோசிச்சு செய்யறதில்ல, கை பாட்டுக்கு செய்யும்.

அப்பறம் ஓட்டிப் பாத்தேன். ஒரு தப்பு இல்ல. நறநறப்பு இல்ல, பொய் ஸ்வரம் இல்ல, கம்ப்யூட்டருக்கு அது ஒரு பாரமாவே தெரியல. இத்தனை வருஷத்துல நான் பண்ணுனதுலயே சுத்தமானது. ஆபீஸ்ல பக்கத்து சீட்ல ஒருத்தன், மொட்டைன்னுதான் கூப்பிடுவோம், அவனுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ண மூடிக்கிட்டுக் கேட்டான். பிரமாதம்ணே, கண்ணாடி மாதிரி இருக்குன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, அண்ணி எப்பண்ணே வருவாங்கன்னு கேட்டான்.

அவன் கிண்டலுக்குக் கேக்கல. இன்னும் ஆரம்பிக்கலன்னு நெனச்சுருக்கான்.

அதான் மேடம் விஷயம். அது அவ இல்ல. ஒரு பூச்சி விடாம ஒரே மாதிரி கத்துனா எப்படி இருக்கும், அப்படி இருக்கு. கொஞ்சம் நடுக்கம் சேத்தேன், மூச்சு சேத்தேன், ரெண்டு அட்டவணைய கலந்து பாத்தேன். ஒண்ணு பண்ண பண்ண அவ தூரமா போய்க்கிட்டே இருக்கா. மனுஷங்க எந்த சுத்தையும் முன்ன சொன்ன மாதிரி சொல்றதில்லபோல. இத்தனை நாளு அதத்தான் குறைன்னு சீவிக்கிட்டு இருந்துருக்கேன். இப்ப அதைத் தேடுனா எங்க கெடைக்கும்.

வீடியோ இல்லையான்னா, இருக்கு. கல்யாண வீடியோல அவ நல்லா வாயசைக்கறா, எடுத்தவன் மேல பாட்டு போட்டுட்டான். முழுக்க முழுக்கப் பாட்டு. சாப்பாட்டுப் பந்திக்கும் பாட்டு. வெளியூர் போன வீடியோல எல்லாம் போன அவதான் பிடிச்சுருப்பா, ஆடிரக்கூடாதுன்னு வாய மூடிக்கிட்டு எடுப்பா, நாங்க மத்தவங்கதான் பேசுவோம். தள்ளி நில்லுன்னு ஒரு எடத்துல கேக்குது, அதுலயும் காத்து. வாய்ஸ் மெசேஜ் அனுப்ப மாட்டா. பதில் சொல்ல ஆளில்லாம பேசுனா கிறுக்குப் பிடிச்ச மாதிரி இருக்குன்னுவா.

அப்பதான் உங்க ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு அவ ரொம்ப நேரம் பேசினா மேடம். நான் பக்கத்து ரூம்ல ஹெட்போன் போட்டுக்கிட்டு வேலைல இருந்தேன். கழட்டறப்போ எல்லாம் அவ பேசிக்கிட்டுதான் இருந்தா. மொதல்ல சண்டை. காசு குடுத்து மெஷின் வாங்குனமா, நாய் வாங்குனமா, கூப்பிட்டா கூடவே வருதேன்னு. அப்பறம் என்ன சத்தம் வருதுன்னு உங்க லைன்ல பேசின பொண்ணு கேட்டுருக்கா போல, வாயாலயே அந்த சத்தத்த போட்டுக் காட்டினா. கடகடகடன்னு வந்து நடுவுல ஒரு டொக், அப்பறம் ஒரு இழுவை. நான் அசந்து போயிட்டேன். கடைசில ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. நீ சாப்ட்டியாம்மான்னு அவளை விசாரிக்கறா. அந்தப் பொண்ணு சாப்பிடல போல, அதுக்கும் திட்டு.

பதிவு இருந்துதுன்னு எப்படித் தெரியும்னா, உங்க மெக்கானிக் சொன்னார். மெஷினைத் தொடக்கூட இல்ல, கையில பேரிங்கோடதான் வந்தார். அக்கா போட்ட சத்தத்த ஆபீஸ்ல போட்டுக் காட்டினாங்க சார், கேட்டதுமே பேரிங்னு தெரிஞ்சுபோச்சுன்னார். அவளுக்கு அன்னிக்கு பெருமை தாங்கல. ரெண்டாயிரம் நம்பர் வச்சுக்கிட்டு நீ பண்றத நான் வாயாலயே பண்ணிட்டேன் பாருன்னா.

தெரியும் மேடம், உங்க விதி தெரியும். கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்களே உங்க லைன்ல வந்து, வாயால சம்மதம் சொல்லணும். மெஷின் அவ பேர்லதான் இருக்கு. உங்க ஆளுங்க போன்லயே சொல்லிட்டாங்க.

ம். அத எப்படிச் சொல்றது. நேத்து மத்தியானம் உங்க லைனுக்கு ஒரு கால் வந்துதுன்னு யாராவது பேசிக்கிட்டாங்களா? எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னே ஒரு அம்மா சொன்னாங்கன்னு?

அது நான்தான். கோவிச்சுக்காதீங்க. எங்கிட்ட இருந்தது ஆவும் ம்மும்தான. அத வச்சு ஒரு வார்த்தை கட்டலாம், ஆமா. அந்த ஒண்ணுதான் கட்ட முடிஞ்சுது. ஆபீஸ்லேர்ந்து போன் போட்டு, கம்ப்யூட்டர்ப் பக்கத்துல வச்சு, கேள்வி முடிய முடிய பட்டனை அமுக்கினேன். நீங்கதான் வாடிக்கையாளரா மேடம்? ஆமா. பழைய அழைப்போட பதிவு வேணுமா? ஆமா. ரொம்ப சரியா போய்க்கிட்டு இருந்துது. மொட்டை பக்கத்துல நின்னு கட்டை விரலக் காட்டறான். அப்பறம் அந்தப் பொண்ணு, உங்க பொறந்த தேதி சொல்லுங்க மேடம்னா. நான் என்ன பண்ணுவேன். ஆமான்னேன். லைன் சரியில்லையா மேடம்? ஆமா. நான் பேசறது கேக்குதா? ஆமா. வேற யாராவது பக்கத்துல இருக்காங்களா, அவங்ககிட்ட குடுக்கறீங்களா? ஆமா. அதுக்குமேல எனக்கு அமுக்க மனசு வரல. வச்சுட்டேன். மொட்டை சொல்றான், அண்ணி இவ்ளோ ஆமா சொல்லி நான் கேட்டதே இல்லண்ணேன்னு. உண்மைதான். கல்யாணத்துக்கே அவ பாக்கலாம்னுதான் சொன்னா.

தேடறீங்களா? ரொம்ப நன்றி மேடம். அவ பேர்ல போட்டுப் பாருங்க. போன வருஷம், மழைக்காலம். ஆமா, அந்தத் தெருதான். ரெண்டாவது மாடி.

ம்.

முடிஞ்ச புகாரோட பதிவ அழிச்சுருவீங்களா.

எல்லாத்தையுமேவா. எடத்த அடைக்கும்னு. சரிதான். இல்ல, உங்களைச் சொல்லல. நானும் அப்படித்தான பண்றேன்.

அப்ப அந்தத் திரைல இருக்கறது என்ன? படிங்க. டிரம் சத்தம், பேரிங் மாற்றப்பட்டது, வாடிக்கையாளர் திருப்தி. அவ்ளோதானா. அத்தனை நேரம் பேசினா மேடம், ஒரு வரில அடக்கிட்டாங்க. தப்பில்ல. எல்லாம் சரியாத்தான் எழுதிருக்காங்க. பேரிங்தான் மாத்துனது.

வேற எங்கயும் இருக்காதா? மெயின் ஆபீஸ்ல? அந்தப் பொண்ணு இன்னும் வேலைல இருக்காளா? வேலைய விட்டுட்டாளா. ஆமா, அவ இருந்தா மட்டும் என்ன ஆகப்போகுது. சரி மேடம். நான் கெளம்பறேன். உங்களுக்கும் வெளில ஆளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க.

என்ன பண்றீங்க? என் மனைவி நம்பருக்கா? இப்பயா? ஒரு நிமிஷம் மேடம். வைங்க. கொஞ்சம் வைங்களேன்.

இல்ல, வீட்லதான் இருக்கா. எடுப்பா. பேசுவா. பேசறதுக்கு என்ன, தொண்டை அங்கதான இருக்கு. கொஞ்சம் கரகரன்னு இருக்கும், அவ்ளோதான். கீழ் வீட்டம்மாகிட்ட பேசறா. அவங்க அக்காகிட்ட போன்ல மணிக்கணக்கா பேசறா. கூரியர் கொண்டுவர்றவர்கிட்ட நின்னு அவர் மூட்டு வலியப் பத்தி விசாரிக்கறா. எங்கிட்டதான் பேசறதில்ல.

ஆ சொல்ல வச்ச அந்த மத்தியானத்துலேர்ந்து. ஒரு ஆவுக்கும் அடுத்த ஆவுக்கும் நடுவுல பேசிக்கிட்டே இருந்தா மேடம். அவளால சும்மா இருக்க முடியாது. தண்ணி குடுன்னா, பூனைக்கு வைத்தியம் பாக்கற மாதிரி இருக்குன்னா, சிரிச்சா. அப்பறம் எனக்கு பயமா இருக்குன்னா. நான் ஹெட்போன் போட்டுருக்கேன், கண்ணு திரைல. அவ அத சொன்னப்போ லெவல் மேல போயி செவப்பு எரிஞ்சுது. கொஞ்சம் தள்ளி உக்காந்து சொல்லு, மூச்சு மைக்ல விழுதுன்னேன்.

தள்ளித்தான் உக்காந்தா. மிச்ச ஆவெல்லாம் ஒழுங்கா சொல்லிக் குடுத்தா, ஒண்ணுகூட விடல. நாற்காலிய எடுத்த எடத்துல வச்சுட்டு வெளில போனா. அதோட சரி. பயமா இருக்குன்னு அவ சொன்னதுகூட, நான் அழிச்ச மிச்சத்தோட போயிருச்சு. வீட்ல தேவைன்னா பேப்பர்ல எழுதி ஒட்டறா, கேஸ் தீந்துருச்சு, பல்பு போச்சுன்னு. அவளுக்குத் தெரியாம சமையல் ரூம்ல என் போன ஓடவிட்டு வச்சேன், பேசறத பிடிச்சுக்கலாம்னு. சாயங்காலம் தேடுனா ஃப்ரிட்ஜ்ல இருக்கு, தக்காளிக்குப் பக்கத்துல.

மன்னிப்பு கேட்டேன். எத்தனை தடவைன்னு தெரியாது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு கேட்டேன். அந்தப் பக்கம் டீவிய சத்தமா வச்சுட்டா.

நாளைக்குக் காலைல ஆபரேஷன் மேடம்.

சரி, போடுங்க. பதிவு, சம்மதம் எதுவும் கேக்காதீங்க. எதுக்குன்னு கேப்பா, என் பேச்சு வரும், வச்சுருவா. மெஷின் எப்படி இருக்குன்னு மட்டும் கேளுங்க. அவளே பேசுவா. நடுவுல வெட்டாதீங்க, உங்களுக்குக் கூட்டம் இருக்கு, தெரியும், இருந்தாலும். அவ எங்கயாவது நிறுத்தினா, நீங்க சாப்பிடலன்னு சொல்லுங்க, போதும். ஸ்பீக்கர்ல போட முடியுமா? நான் இங்க இருக்கறது தெரிய வேணாம்.

ரிங் போகுது. கைய வாயில வச்சுக்கறேன் மேடம், நான் பேசல.